பொன்னியின் செல்வன்: நாவலையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எப்படி?

2022 செப்டெம்பர் 30ஆம் திகதி படத்தின் முதல் பாகம் வெளியாகி இரண்டாம் கிழமை, எங்கள் வாசிகசாலைப் பொடியள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வான் பிடித்து யாழ்ப்பாணம் போய்ப் பார்த்தோம். கியூஆர் அட்டைக்கு அளந்து எரிபொருள் கொடுத்த காலம். யார் யாரிடமோ கெஞ்சித்தான் அந்த வான் ஓடியது. திரும்பும் வழியில் வழக்கம்போல முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினால், மாங்குளம் வரைக்கும் ஒரே சண்டை. "கடம்பூரில் மணிமேகலையைக் காணவில்லையே?" "கரிகாலனை எதற்கு முதலிலேயே கொண்டுவந்தவர்கள்?" "பூங்குழலி இப்படியா கதைப்பாள்?" நாவல் வாசிக்காத மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் கச்சான் கோது உடைத்துக்கொண்டு இருந்தார்கள்.

சண்டை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. நாங்கள் செய்தது ஒப்பீடே அல்ல. சாமான் துண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கடைப்பையில் எது குறைகிறது என்று பார்த்திருக்கிறோம். 2023 ஏப்ரல் 28இல் இரண்டாம் பாகம் வருவதற்குள் ஒழுங்கான ஒரு முறையை உண்டாக்கிவிட வேண்டும் என்று சனிக்கிழமைப் பின்னேரங்களில் உட்கார்ந்தோம். அப்படி உட்கார்ந்து, பல தரம் பிழைவிட்டுத் திருத்திக்கொண்ட முறைதான் இது. தனியாகவும் செய்யலாம், நாலு பேர் சேர்ந்தும் செய்யலாம். முடிவு தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இப்போதே நாவலை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

ஏன் இந்த நாவல்?

சாகசக் கதை எதையும் எடுக்கலாம். ஆனால் வன்னியில் இருப்பவருக்கு இந்தக் கதையில் ஒரு தனி உரிமை இருக்கிறது. கதையின் நாயகன் வந்தியத்தேவன் கோடிக்கரையில் படகு ஏறி, பூதத் தீவில் இறங்கி, மாதோட்டம் வழியாக இந்த நாட்டுக்குள் வருகிறான். மாதோட்டம் என்றால் வேறெங்கும் இல்லை, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இருக்கிற மன்னார்ப் பெருநிலம். பிறகு சோழ இளவரசர் அருள்மொழி அனுராதபுரத்திலிருந்து வடக்கே தொண்டைமானாற்றை நோக்கிப் போகிறார். இன்றைய கணக்கில் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி எல்லாவற்றையும் கடந்துதான் போயிருக்க வேண்டும். யானை இறவுத் துறை என்று கல்கி எழுதுகிற இடம் நாங்கள் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் தாண்டுகிற ஆனையிறவுதான். தஞ்சாவூர்க்காரர் நாவலின் முதல் பாகத்தில் தன் ஊரைத் தேடுவார். நாங்கள் இரண்டாம் பாகத்தில் தேடலாம்.

எழுத்தைத் தேடி எடுங்கள், ஆனால் சுருக்கத்தை அல்ல

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த நாவல் இது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது, போனிலேயே வாசிக்கலாம். ஒரு விசயத்தில் மட்டும் கவனம்: சந்தையில் சுருக்கப் பதிப்புகளும் இருக்கின்றன. அவற்றை வைத்து ஒப்பிட வேண்டாம். சுருக்கியவரும் படம் எடுத்தவரைப் போலவே எதை விடலாம், எதை வைத்திருக்கலாம் என்று தெரிவு செய்தவர். அவருடைய கத்தரிப்பைப் படத்தை இயக்கிய மணி ரத்னத்தின் கத்தரிப்போடு ஒப்பிட்டுவிட்டு, கல்கியை ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பிக்கு அப்படித்தான் ஆனது. "நாவலிலும் அந்தக் காட்சி இல்லையே அண்ணா" என்று இரண்டு கிழமை வாதாடினான். பிறகுதான் அவன் புத்தகத்தின் அட்டையை வடிவாகப் பார்த்தோம்.

படத்தை ஏற்கனவே பார்த்துவிட்டேன், இனி வாசித்துப் பயன் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டு வாசிப்பவருக்குப் படகுக்காரி பூங்குழலி என்றால் ஐஸ்வர்யா லட்சுமியின் முகம்தான் வரும், அது ஒரு நட்டம். ஆனால் பெயர்களும் உறவுமுறைகளும் குழம்பாது, அது ஒரு இலாபம். இந்த நாவலில் அந்த இலாபம் சின்னது அல்ல.

293 அத்தியாயமும் வேண்டாம்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு படமும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணித்தியாலம். 293ஆல் பிரித்தால் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடமும் கொஞ்சமும். ஆக எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். விட்டது குற்றம் என்று தொடங்கினால் எங்கேயும் போய்ச் சேர மாட்டோம்.

நீங்களும் அப்படியே தெரிந்தெடுங்கள். எங்களுக்கு வேலை செய்த நான்கு துண்டுகள் இவை. முதல் பாகத்தின் முதல் எட்டு அத்தியாயங்கள், வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப் பதினெட்டு அன்று தொடங்கி, கடம்பூர் மாளிகையின் நடுநிசிக் கூட்டம் தாண்டி வருவது. அதே பாகத்தின் கடைசி ஏழு, 'மாமல்லபுரம்' முதல் 'மாய மோகினி' வரை. இரண்டாம் பாகத்தில் முதல் ஒன்பதும், 'காவேரி அம்மன்', 'சித்திரங்கள் பேசின' என்ற இரண்டும், 'யானை மிரண்டது!' முதல் முடிவு வரை உள்ள பத்தும். கடைசியாக, ஐந்தாம் பாகத்தின் இறுதிப் பத்து. எல்லாமாக 46 அத்தியாயம். நாளுக்கு ஒன்று என்று வாசியுங்கள், ஒரே மூச்சில் வேண்டாம். இது கிழமைக்குக் கிழமை காத்திருந்து வாசித்தவர்களுக்காக எழுதப்பட்டது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் ஒரு தூண்டில் தொங்கும். அடுத்த நாள் வரை பொறுத்தால்தான் அந்தத் தூண்டில் குத்துவது தெரியும். முழுவதையும் வாசிக்க ஆசை வந்தால் தாராளமாக வாசியுங்கள். எங்களில் ஐந்து பேருக்கு வந்தது.

கொப்பியில் மூன்று நிரல்

ஒரு சாதாரண சீ.ஆர். கொப்பி போதும். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் நிரலில் என்ன நடக்கிறது என்று இரண்டு வரி. இரண்டாவதில் "யாருக்குத் தெரியும்?" மூன்றாவதில் "இது இல்லாவிட்டால் எது விழும்?"

முதல் நிரல் எல்லோரும் எழுதுவதுதான். இரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இது சதிகளின் கதை. ஒரு இரகசியம் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, வாசிப்பவருக்கு எப்போது தெரிகிறது என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. கடம்பூரில் பல்லக்குக்குள் பழுவூர் ராணி நந்தினி இருக்கிறாள் என்று வந்தியத்தேவன் நினைக்கிறான், நாமும் நினைக்கிறோம். இறங்குவது அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகன். அங்கே கதாபாத்திரமும் வாசகரும் ஒரே நேரத்தில் திடுக்கிடுகிறார்கள். படத்திலும் இது அப்படியே நிற்கிறது. ஏனென்றால் இது கண்ணால் ஏமாறுகிற ஏமாற்றம், கமெராவுக்கு மிகவும் பிடித்த சாமான்.

இப்போது நந்தினியையும் ஊமை ராணி மந்தாகினியையும் எடுங்கள். இருவருக்கும் ஒரே முகச்சாயல். நாவலில் அனுராதபுரத்து இரவில் வந்தியத்தேவன் அந்த உருவத்தைக் கண்டு, பழுவூர் ராணி இங்கே எப்படி வந்தாள் என்று தடுமாறுகிறான். அந்தத் தடுமாற்றத்தைக் கல்கி பல அத்தியாயங்களுக்கு இழுத்துப் போகிறார். எழுத்தில் முகம் தெரியாது, அதனால் இழுக்க முடிகிறது. படத்தில் இரண்டு வேடத்திலும் ஐஸ்வர்யா ராய். நரைமுடியோடு அவர் திரையில் தெரிந்த அந்த நொடியே தியேட்டரில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. நாவலின் நீண்ட புதிர் படத்தில் ஒரு நொடி அதிர்ச்சியாக மாறுகிறது. இரண்டாவது நிரலில் "வாசகருக்கு: மிகப் பிந்தி. பார்ப்பவருக்கு: உடனே" என்று எழுதினால் ஒப்பீட்டின் பாதி முடிந்த மாதிரி.

படத்தை இரண்டு தரம் பாருங்கள்

முதல் தரம் கொப்பி வேண்டாம், பேனை வேண்டாம். பேசாமல் இருந்து பாருங்கள். படம் உங்களை எங்கே இழுத்தது, எங்கே அலுப்படித்தது என்பதும் ஒரு சாட்சிதான். குறிப்பெடுத்துக்கொண்டு பார்த்தால் அந்தச் சாட்சி செத்துவிடும்.

இரண்டாம் தரம் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நாங்கள் வாசிகசாலைச் சுவரில் வெள்ளைப் பெட்சீற் கட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டரில் போட்டோம். நடுவில் கரண்ட் போனது, நுளம்பு பிடுங்கியது, பெட்சீற் காற்றில் ஆடியதில் சரத்குமாரின் மீசை ஒரு முழம் நீண்டது. ஆனால் கரண்ட் போன அந்த அரை மணித்தியாலம் தேத்தண்ணியோடு கதைத்ததில்தான் மிகப் பயனுள்ள குறிப்புகள் வந்தன. அதனால் இப்போது கரண்ட் இருந்தாலும் நாற்பது நிமிடத்துக்கு ஒரு தரம் நாங்களே நிற்பாட்டுகிறோம். ஒவ்வொரு குறிப்புக்கும் எத்தனையாவது நிமிடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தேடி அலைய வேண்டியிராது.

இனி அந்த ஒரே கேள்வி

மூன்றாவது நிரலுக்கு வருவோம். ஒரு காட்சியோ கதாபாத்திரமோ படத்தில் இல்லை என்றால், "ஏன் விட்டார்கள்?" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் அவர்களிடம்தான் இருக்கும், நாம் ஊகித்துக்கொண்டு இருக்கலாம். "நாவலில் அது என்ன வேலை செய்தது, படத்தில் அந்த வேலையை யார் செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் நம் கையில் இருக்கிற இரண்டு பிரதிகளுக்குள்ளேயே இருக்கிறது.

அருள்மொழியின் அண்ணன், பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனில் தொடங்கலாம், அது இலகுவானது. நாவலில் அவனை நாம் நேரில் காண்பது முதல் பாகத்தின் 51ஆவது அத்தியாயத்தில். அதுவரை ஐம்பது அத்தியாயங்களாக அவனைப் பற்றி மற்றவர்கள் கதைக்கிறார்கள்: அவன் வீரன், முன்கோபி, வீரபாண்டியன் தலையை வெட்டியவன், காஞ்சியில் பொன்மாளிகை கட்டுகிறவன். ஊரே ஒருவனைப் பற்றிக் கதைத்துக் கதைத்து, பிறகு அவன் முன்னால் வந்து நின்றால் எப்படி இருக்கும்? அந்தக் காத்திருப்பு செய்கிற வேலை, அவனைச் சுற்றி ஒரு பயத்தை வளர்ப்பது. படம் அவனைப் போர்க்களத்தில், விக்ரமின் முகத்தோடு, எடுத்தவுடனேயே நிறுத்திவிடுகிறது. பயத்தை வளர்க்கிற அந்த வேலை போய்விட்டதா? நானும் முதலில் போய்விட்டது என்றுதான் சொன்னேன். இரண்டாம் தரம் பார்த்தபோது மாற்றிக்கொண்டேன். படத்தில் பயம் அவனைப் பற்றிய பேச்சிலிருந்து வரவில்லை, அவனுடைய வெறியை நேரே பார்ப்பதிலிருந்து வருகிறது. வெற்றி கொண்டாடுகிற இடத்தில்கூட அவன் நந்தினியை நினைத்துப் புழுங்குகிறான். வேலை அதேதான், ஆள் மாறியிருக்கிறது.

அடுத்தது மணிமேகலை. இவள் படத்தில் இல்லவே இல்லை. நாவலில் வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறனின் தங்கை, வந்தியத்தேவன் மேல் கண்மூடித்தனமான அன்பு வைத்தவள், அவனைக் காப்பாற்றக் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறவள். கடைசி அத்தியாயமான 'மலர் உதிர்ந்தது!' அவளுடையது. இத்தனை அரசர்களையும் படைகளையும் வைத்துக்கொண்டு, கல்கி தன் பெருங்கதையை ஒரு சின்னப் பெண்ணின் சாவில் கொண்டுபோய் முடித்தார். அவள் செய்த வேலை என்ன? ஊரெல்லாம் பசப்பிக்கொண்டு சிரித்துத் திரிந்த வந்தியத்தேவன், ஒரு உயிருக்குக் கடன்பட்டவனாக அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறான். இந்த வேலையைப் படத்தில் யார் செய்கிறார்கள் என்று நாங்கள் இரண்டு சனிக்கிழமை தேடினோம். ஒருவரும் இல்லை. படத்தில் முடிவுக்கு முன் ஒரு பெரும் போர் வருகிறது, நாவலில் அப்படியொரு போர் இல்லை. போர் முடிந்து முடிசூட்டோடு படம் நிறைகிறது. கார்த்தியின் வந்தியத்தேவன் முதல் காட்சியில் எப்படியோ கடைசியிலும் ஏறக்குறைய அப்படியே. என் கணக்கில் படத்தின் உண்மையான நட்டம் இதுதான், வேறு எதுவும் இல்லை. எங்கள் கூட்டத்தில் இதை ஒப்புக்கொள்ளாத இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள்.

மூன்றாவது முடிச்சு மகுடம். நாவலில் சிவபக்தன் சேந்தன் அமுதன்தான் சோழ அரசி செம்பியன் மாதேவியின் சொந்தப் பிள்ளை என்று பிந்தித்தான் வெளிவருகிறது. கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுத்துத் திரிந்தவன் தலையில் அருள்மொழி கிரீடத்தை எடுத்து வைக்கிறார். மதுராந்தகனாக வளர்ந்தவன் வேறு யாரோ. படத்தில் இந்தப் பிள்ளை மாற்றம் இல்லை. ரகுமான் நடித்த மதுராந்தகனுக்கே முடி போகிறது. இங்கே ஆறுதலாக யோசியுங்கள். கிரீடத்தை வேண்டாம் என்கிற பெருந்தன்மை இரண்டிலும் உண்டு. ஆனால் யாருக்குக் கொடுக்கிறார் என்பது மாறினால், கொடுப்பதன் பொருளும் மாறுகிறது. நாவலில் அது ஆசையே படாதவனுக்குப் போகிறது. படத்தில் ஆசைப்பட்டுச் சதியில் இறங்கி, பிறகு மனம் மாறியவனுக்குப் போகிறது. எது பெரிய கொடை? எங்கள் கூட்டத்தில் ஏ.எல். படிக்கிற ஒரு தங்கச்சி சொன்னாள்: "அண்ணா, எதிரியா நிண்டவனுக்குக் குடுக்கிறதுதான் கஷ்டம்." நான் இன்னும் பதில் யோசித்துக்கொண்டு இருக்கிறேன்.

இதன் பக்கவிளைவு ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சேந்தன் அமுதனிடம் மகுடம் போகாவிட்டால், அவனைக் கட்டிய பூங்குழலியும் அரசி ஆக மாட்டாள். ஒரு நூலை இழுத்தால் எத்தனை தையல் பிரிகிறது என்று இப்படித்தான் தெரியவரும்.

சொல்லியதும் காட்டியதும்

'நேயர்களே' என்று நம்மைத் தோளில் கைபோட்டுக் கூட்டிப் போகிற குரல் நாவல் முழுக்க உண்டு. வரலாறு சொல்லும், கேலி செய்யும், சில வேளை அறுக்கும். படத்தில் கமல்ஹாசனின் குரல் தொடக்கத்தில் வந்து, வால் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்குகிறது. அதன் பிறகு அந்த வேலையில் பெரும்பங்கை ஏ.ஆர். ரகுமானின் இசை எடுத்துக்கொள்கிறது.

கரிகாலன், நந்தினி இளமைக் காதலையும் இந்த இடத்தில் ஒப்பிடுங்கள். நாவலில் கரிகாலன் அதைத் தன் நண்பன் பார்த்திபேந்திரனிடம் வாயால் சொல்கிறான். நான் சொன்ன இரண்டாவது துண்டு அதுதான். சொல்கிறவன் அவன் என்பதால் அது அவன் பக்க நியாயம் மட்டுமே. படத்தின் இரண்டாம் பாகம் அதையே காட்சியாக விரித்துத் தொடங்குகிறது. கண்ணால் கண்டதை நாம் சந்தேகிப்பது குறைவு. நந்தினி மேல் இரக்கம் படத்தில் சீக்கிரம் வருவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் காடும் கடலும்

வன்னிக்காரர் இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம்.

நாவலின் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் பூங்குழலி வந்தியத்தேவனை ஓட வைத்துச் சேற்றுக்குழியில் விழுத்துகிறாள், பிறகு தானே இழுத்து எடுக்கிறாள். இரவில் சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டி அவைதான் தன் காதலர்கள் என்கிறாள். களப்புப் பக்கம் வளர்ந்தவருக்கு இது கற்பனை இல்லை. நந்திக்கடல் ஓரத்தில் கொள்ளிவாய்ப் பிசாசுக் கதை கேட்காமல் வளர்ந்த பிள்ளை யார்? அந்த அத்தியாயங்களை இரவில், கைவிளக்கில் வாசித்துவிட்டுப் படத்தின் பூங்குழலியைப் பாருங்கள். படத்தில் அவள் கடலின் அழகு. நாவலில் கடலின் பயமும் அவள்தான். வானுக்குள் "இப்படியா கதைப்பாள்?" என்று கத்திய தம்பிக்கு உறுத்தியது இதுதான் என்று ஆறு மாதம் கழித்து எங்களுக்கு விளங்கியது.

கடலில் காப்பாற்றுகிற கட்டத்தையும் சேர்த்து வாசியுங்கள். நாவலில் எரிகிற கப்பலில் மாட்டிய வந்தியத்தேவனைத் தேடி இளவரசர் கடலுக்குள் போகிறார், கடைசியில் இருவரையும் படகில் ஏற்றுபவள் பூங்குழலி. முதல் படமோ கப்பல் சண்டையில் இருவரையும் மூழ்கவிட்டு, தண்ணீருக்குள் நீந்தி வருகிற ஊமை ராணியோடு முடிகிறது. பூங்குழலியின் வேலையை இங்கே மந்தாகினி எடுத்துக்கொள்கிறாள். 'காவேரி அம்மன்' அத்தியாயத்தை வாசித்திருந்தால் இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். சின்ன வயதில் பொன்னியில் விழுந்த அருள்மொழியைத் தூக்கிக் கொடுத்த அதே கை. படம் இரண்டு காப்பாற்றலையும் ஒரே கையில் கொடுத்துவிட்டது. இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யானைக்கு வருவோம். 'யானை மிரண்டது!' அத்தியாயத்தில் இளவரசர் பாகன் வேடத்தில் இருந்து, யானையின் காதில் ஏதோ சொல்கிறார், அது பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. ஊரில் யானை வெடி போட்டு இரவு முழித்திருக்கிற எங்கள் ஆட்கள் இதை வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். "காதிலை சொல்ல அது கேக்குமெண்டால், எங்கடை சோளத்தை விடச் சொல்லி ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ" என்றார் ஒரு பெரியவர். சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். நாவலில் யானை என்ன வேலை செய்கிறது, படத்தில் யானை வருகிற இடங்களில் என்ன வேலை செய்கிறது என்று இரண்டு நிரலில் எழுதுங்கள். ஒன்று தப்பி ஓடுகிற வழியா, மற்றது ஒரு வீரனின் பெருமையா என்று நீங்களே பாருங்கள்.

அப்புறம் காடு. படப்பிடிப்பு 2019 டிசெம்பரில் தாய்லாந்தில்தான் தொடங்கியது. பாலையும் வீரையும் முதிரையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் திரையில் தெரியும் பச்சை எங்களுடையது இல்லை என்று உடனே தெரியும். அதற்காகப் படத்துக்குப் புள்ளி குறைக்க வேண்டாம். நாவலிலும் இந்தக் காட்டுக்கு எத்தனை மரப்பெயர் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

ஒரு எச்சரிக்கை. நாவல் சரித்திரம் அல்ல. வந்தியத்தேவன், குந்தவை, கரிகாலன், அருள்மொழி கல்வெட்டுகளில் இருப்பவர்கள். நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கி படைத்தவர்கள். நாவலில் இளவரசர் விகாரைகளைத் திருத்திக் கட்டுவிக்கிறார், பிக்குகள் அவருக்கு இலங்கைக் கிரீடத்தையே நீட்டுகிறார்கள், அவர் மறுக்கிறார். படத்திலும் இந்தக் கட்டம் உண்டு. ஆனால் இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சோழப் படை விகாரைகளைக் கொள்ளையடித்ததாகச் சொல்கிறது. இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சோழர் சிறைபிடித்தது 1017இல், இராசேந்திரன் காலத்தில். இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பது எங்கள் நாட்டில் இருந்து ஒப்பிடுகிறவருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். சங்கடம் என்று தள்ளிவிடாமல், மூன்றிலும் சொல்கிறவர் யார், யாருக்குச் சொல்கிறார் என்று எழுதிவையுங்கள். இன்னொன்று: ஈழத்துப் படைக்குச் சோழநாட்டிலிருந்து அரிசி அனுப்ப வேண்டும், இங்குள்ள சனத்திடம் பறிக்கக் கூடாது என்று அருள்மொழி நிற்பதும், தஞ்சையில் அதிகாரம் செலுத்தும் பழுவேட்டரையர்கள் அதை மறுப்பதும் நாவலில் வரும். சாமான் கப்பலைப் பார்த்துக் கடற்கரையில் நின்ற சனம் அந்த வரிகளைத் தாண்டிப் போகாது.

மூன்றாவது ஒரு முகம்

தொடராக வந்தபோது ஓவியர் மணியம் படம் வரைந்தார். அந்தக் காலத்து வாசகருக்கு முகங்கள் அப்போதே முடிவாகிவிட்டன. எங்கள் ஊரில் ஒரு ஐயா, கல்கிப் பக்கங்களைக் கிழித்துத் தைத்துக் கட்டிய புத்தகமாக இதை வைத்திருந்தவர். இடம்பெயர்வில் அது போய்விட்டது. படம் எப்படி ஐயா என்று கேட்டேன். "தம்பி, நீங்கள் புத்தகத்தையும் படத்தையும் பாக்கிறியள். நான் மணியத்தின்ரை நந்தினியையும் இந்த நந்தினியையும் பாக்கிறன். கொண்டை ரெண்டிலையும் சரி" என்றார். ஆக, ஒரு மூத்த வாசகரையாவது பக்கத்தில் உட்கார வையுங்கள். மேடைக்கும் இந்தக் கதை போயிருக்கிறது. 1999இல் மேடை நாடகமாக எழுதிய குமரவேல், ஜெயமோகனோடும் மணி ரத்னத்தோடும் படத்தின் திரைக்கதையிலும் இருக்கிறார்.

எழுத உட்காரும்போது

எல்லாவற்றையும் எழுத வேண்டாம். மூன்றாவது நிரலில் உங்களை மிகவும் உறுத்திய ஒரு வரியை எடுங்கள். நாவலின் அத்தியாய எண், படத்தின் நிமிடம் இரண்டையும் போட்டு, அந்தக் காட்சி இரண்டிலும் எப்படி நடக்கிறது என்று முதலில் விவரியுங்கள். வாசிக்காதவருக்கும் பார்க்காதவருக்கும் விளங்க வேண்டும். வானுக்குள் கச்சான் உடைத்த மூன்று பேருக்காக எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலை என்ன, யார் செய்தது, என்ன மாறியது. நான்கு பக்கம் போதும். 'நாவல் நாவல்தான்', 'இரண்டும் வேறு வேறு ஊடகம்' என்ற இரண்டு வரியையும் எழுதாதீர்கள். அவை எதை ஒப்பிட்டாலும் பொருந்தும்.

எழுதியதைக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். யாராவது குறுக்கே வந்து "அது அப்படி இல்லை" என்றால் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும், நினைவிலிருந்து சாட்சி சொல்லக் கூடாது. எங்கள் வாசிகசாலையில் ஐந்தாம் பாகம் ஒரேயொரு பிரதிதான் இருக்கிறது. அதனால் அந்தக் கிழமை யார் வாசிக்கிறாரோ அவரிடம் புத்தகம் இருக்கும், மற்றவர்கள் போனில் பார்ப்பார்கள். இப்போது அது அந்த ஏ.எல். தங்கச்சியிடம் இருக்கிறது. 'மலர் உதிர்ந்தது!' முடித்துவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.